காட்டாற்று வெள்ளத்திலும் அடித்துப்போகாத விரல் நீளக் கெளுத்தி: எப்படிச் சமாளிக்கிறது? அதற்குப் பெயர் வைப்பது ஏன் இவ்வளவு சிக்கல்?

தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும்போது நீலகிரி அல்லது ஆனைமலைப் பக்கம் ஓர் ஓடையை நின்று பார்த்திருக்கிறீர்களா? கிளை, சருகு, சின்னக் கற்கள் எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு போகும். கால் வைத்தால் நம்மையே இழுத்துவிடும். அதே ஓடையின் அடியில், ஒரு கல்லுக்குக் கீழே, நம் விரல் நீளமே உள்ள ஒரு கெளுத்தி மீன் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

கெளுத்தி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மீன் மார்க்கெட்டில் மீசையோடு கிடக்கும் மீன்தான். குளம், ஏரி, ஆற்றின் சேற்றுப் பகுதி என்றே அதைப் பழகியிருக்கிறோம். ஆனால் மலை ஓடைக்கென்றே தனியாக உருவான கெளுத்திகளும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சில வகைகள் உலகில் வேறு எங்கும் கிடையாது. அவற்றில் சில அழியும் ஆபத்தில் இருக்கின்றன. 'மொத்தம் எத்தனை வகை இருக்கிறது' என்ற அடிப்படைக் கேள்விக்கே இன்னும் உறுதியான விடை வரவில்லை.

"இத்துனூண்டு மீனுக்குப் போய் இவ்வளவு கவலையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

முதலில், கெளுத்தி என்றால் என்ன?

அறிவியலில் கெளுத்திகள் எல்லாம் 'சிலூரிஃபார்மீஸ்' என்ற ஒரே வரிசைக்குள் வருகின்றன. உலகம் முழுக்க 4,000க்கும் மேற்பட்ட இனங்கள். நாம் அறிந்த மொத்த மீன் இனங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று கெளுத்தி என்று வைத்துக்கொள்ளலாம்.

பொதுவான அடையாளங்கள் எளிது. உடம்பில் செதில் இருக்காது. வாயைச் சுற்றி மீசை இருக்கும். அது அழகுக்கு இல்லை. இருட்டிலும் கலங்கிய நீரிலும் தொட்டும் சுவைத்தும் இரை தேடும் உறுப்பு அது. பெரும்பாலானவற்றுக்கு முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்பிலும் கெட்டியான முள் உண்டு. மீன் சுத்தம் செய்யும்போது கெளுத்தி முள் குத்தியவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் சிறிய கெளுத்திகளை முக்கியமாக மூன்று குடும்பங்களில் பார்க்கலாம்.

* சிசோரிடே: பாறையில் ஒட்டி வாழும் 'கிளிப்டோதோராக்ஸ்' இந்தக் குடும்பம்தான். நம் கட்டுரையின் நாயகன் இவரே. இதே குடும்பத்தில்தான் இமயமலை ஆறுகளில் ஆள் உயரத்துக்கு மேல் வளரும் 'பகாரியஸ்' என்ற ராட்சதக் கெளுத்தியும் இருக்கிறது. குடும்பம் ஒன்று, அளவில் அவ்வளவு வித்தியாசம்.
* பாக்ரிடே: நாம் சாப்பிடும் நாட்டுக் கெளுத்திகள் பலவும் இந்தக் குடும்பம். மலைப்பகுதியில் 'பட்டாசியோ திருவாங்கூரியா' என்ற சிறு மீன் இதன் பிரதிநிதி. 1941இல் பெயரிடப்பட்டது. காவிரிப் படுகைக்கே உரிய 'ஹெமிபாக்ரஸ் பங்டாட்டஸ்' இதே குடும்பத்தின் பெரிய உறவினர்.
* சிலூரிடே: வாளை மீனின் குடும்பம். இதில் மலை ஓடைக்கு வந்தது 'டெரோகிரிப்டிஸ் வயநாடென்சிஸ்'. பெயரிலேயே வயநாடு இருக்கிறது.

மூன்றையும் பிரிப்பது எப்படி? சிலூரிடேக்கு அடிவயிற்றுத் துடுப்பு வால் வரை நீண்டு ஓடும். முதுகின் பின்பகுதியில் வரும் சின்னக் கொழுப்புத் துடுப்பு இருக்காது. பாக்ரிடேக்கும் சிசோரிடேக்கும் கொழுப்புத் துடுப்பு உண்டு. அப்புறம் மீனைத் திருப்பி மார்பைப் பார்க்க வேண்டும். அங்கே வரிவரியாக மடிப்பு இருந்தால் அது கிளிப்டோதோராக்ஸ்.

செதுக்கிய மார்பு

கிளிப்டோதோராக்ஸ் என்ற கிரேக்கப் பெயருக்கு அர்த்தமே 'செதுக்கிய மார்பு' என்பதுதான். 1860இல் எட்வர்ட் பிளைத் இந்தப் பேரினப் பெயரை உருவாக்கினார். துருக்கி, ஈராக் ஆறுகளில் தொடங்கி இந்தியா, சீனா, இந்தோனேசியா வரை இந்தப் பேரினம் பரவியிருக்கிறது. இதுவரை 100க்கும் மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன.

இதன் மார்பில், இரண்டு மார்புத் துடுப்புகளுக்கும் நடுவே, தோல் நீளவாக்கில் மடிந்து மடிந்து ஒரு திட்டு போல அமைந்திருக்கும். செருப்பின் அடிப்பகுதியில் வழுக்காமல் இருக்க வரி போட்டிருப்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த மடிப்புகளின் மேல் கொக்கி போன்ற மிகச்சிறு முட்கள் தெரியும். நம் நகத்தில் இருக்கும் கெரட்டின் வகைப் பொருளால் ஆனவை அவை. வழுக்கும் பாறையின் சொரசொரப்பில் அவை மாட்டிக்கொள்கின்றன. பாறையை உறிஞ்சிப் பிடிக்கும் மீன்களும் உண்டு. ஆனால் இதன் பிடிமானத்தில் பெரும்பங்கு இந்த உராய்வுக்குத்தான்.

இது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? ஒரு சின்னக் கணக்கு. தண்ணீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தியானது. அதனால் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் ஒரு பொருளைத் தள்ளும் விசை, மணிக்குச் சுமார் 100 கி.மீ. வேகத்தில் வீசும் காற்றின் விசைக்குச் சமம். புயல் காற்றில் 24 மணி நேரமும் நின்றுகொண்டே சாப்பிட்டு, தூங்கி, குடும்பம் நடத்துவது மாதிரி!

இந்த மீன் இன்னொரு தந்திரமும் செய்கிறது. எவ்வளவு வேகமான ஓடையானாலும் பாறையை ஒட்டிய மெல்லிய அடுக்கில் நீர் மெதுவாகத்தான் ஓடும். தலையும் மார்பும் தட்டையாக இருப்பதால், கிளிப்டோதோராக்ஸ் அந்த அமைதியான அடுக்குக்குள் தன்னைப் பதித்துக்கொள்கிறது. நீரோட்டத்தோடு மல்லுக்கட்டாமல், அதன் கண்ணில் படாமல் தப்பிக்கும் உத்தி.

இந்த உடலமைப்பு இரகசியங்களை முறையாக ஆராய்ந்து எழுதியவர் இந்திய மீனியல் முன்னோடி சுந்தர்லால் ஹோரா. காட்டாற்று மீன்களின் உடல் மாற்றங்கள் குறித்த அவருடைய ஆய்வு 1922இல் வெளியானது. பிற்பாடு இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராகவும் இருந்தார்.

ஓடையில் இதற்கு என்ன வேலை?

மலை ஓடையில் கூழாங்கற்கள் நிறைந்து, நீர் சலசலவென்று ஓடும் ஆழமில்லாத இடம்தான் இதன் வீடு. பகலில் கல்லுக்கு அடியில் பதுங்கல். இருட்டியதும் வெளியே வந்து, கற்களில் வளரும் பூச்சிகளின் இளம்பருவங்களைத் தின்னும்.

அதாவது, ஓடையின் தரையில் நடக்கும் உணவுச் சங்கிலியில் இது ஒரு கண்ணி. காட்டிலிருந்து விழும் இலையைப் பூச்சிகள் தின்கின்றன. பூச்சிகளை இந்த மீன் தின்கிறது. இந்த மீனைப் பெரிய மீனும் பறவையும் நீர்நாயும் தின்கின்றன.

இதற்கு வேண்டியவை மூன்று: குளிர்ந்த நீர், நிறைய ஆக்சிஜன், இடைவெளியோடு கிடக்கும் கற்கள். இந்த மூன்றில் எதில் கைவைத்தாலும் மீனுக்குச் சிக்கல். 15 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். அதே நீர் 30 டிகிரிக்குச் சூடானால் 7.5 மில்லிகிராம்தான். கரையோர மரங்களை வெட்டினால் வெயில் நேரடியாக ஓடையில் விழும், நீர் சூடாகும். மீன் மேலே, இன்னும் குளிர்ந்த இடத்துக்குப் போகலாமே என்றால், மலைக்கும் ஒரு உச்சி உண்டு. அதற்கு மேல் ஓடையே கிடையாது.

சரி, பெயரில் என்ன குழப்பம்?

இனிதான் கதையின் முக்கியமான பகுதி.

பிரிட்டிஷ் இந்தியாவில் ராணுவ மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, ஓய்வு நேரமெல்லாம் மீன் சேகரித்தவர். நீலகிரி அடிவாரத்தில் பவானி ஆற்றில் கிடைத்த ஒரு ஒட்டுக் கெளுத்தியை 1873இல் அவர் விவரித்தார். அதுதான் இன்றைய 'கிளிப்டோதோராக்ஸ் மதராஸ்பட்டானஸ்'. நம்ம மதராசப்பட்டினத்தின் பெயர் ஒரு மலை மீனின் மேல் ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

1923இல் ஹோரா, இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் நெல்சன் அன்னாண்டேலைச் சிறப்பிக்கும் வகையில் 'கிளிப்டோதோராக்ஸ் அன்னாண்டேலி'க்குப் பெயரிட்டார். 1942இல் அமெரிக்க மீனியலாளர் ஆல்பர்ட் ஹெர் ஆனைமலையிலிருந்து 'கிளிப்டோதோராக்ஸ் ஹவுசி'யை விவரித்தார். அதன் மூல மாதிரி கிடைத்த இடம் வால்பாறைப் பகுதியின் புதுத்தோட்டம் எஸ்டேட். 1952இல் இ.ஜி.சைலஸ் 'ஆனமலையென்சிஸ்' என்ற பெயரைக் கொடுத்தார். 1998இல் கேரளத்தின் நிலம்பூர்ப் பகுதியிலிருந்து 'டேவிஸ்சிங்கி' வந்தது. 2010க்குப் பிறகும் புதுப் பெயர்கள் வந்துகொண்டிருக்கின்றன.

இத்தனை பெயர்கள் சரி. ஆனால் இவை எல்லாம் உண்மையிலேயே வேறு வேறு இனங்களா? அல்லது ஒரே மீனுக்கு இரண்டு பெயரா? தலைகீழாக, ஒரே பெயருக்குள் நாலு இனங்கள் ஒளிந்திருக்கின்றனவா? குழப்பத்துக்கு மூன்று காரணங்கள்.

ஒன்று, பழைய விவரிப்புகள் சுருக்கமானவை. அந்தக் காலத்தில் சில வரிகளும் ஒரு படமும் போதும். மீன் சாராயத்தில் ஊறினால் நிறம் போய்விடும். 100 வருடம் கழித்து ஜாடியில் இருக்கும் வெளுத்த மீனோடு, இன்று ஓடையில் பிடித்த மீனை ஒப்பிடுவது எளிதான காரியம் இல்லை.

இரண்டு, உடல் அளவுகள் மாறுகின்றன. தலை நீளம், துடுப்பு முள்ளின் நீளம், வால்தண்டின் தடிமன், மார்புத் திட்டின் வடிவம் ஆகியவற்றை வைத்துத்தான் இனம் பிரிக்கிறார்கள். குஞ்சுக்கும் வளர்ந்த மீனுக்கும் இந்த விகிதங்கள் ஒன்றாக இருக்காது. இரண்டு மூன்று மீன்களை மட்டும் பார்த்து முடிவு செய்தால் தவறு நடக்கும்.

மூன்று, ஒரே வேலை ஒரே தோற்றத்தைத் தரும். வேகமான நீரில் வாழும் எந்த மீனும் தட்டையாகவும் ஒட்டும் உறுப்போடும் உருவாக வாய்ப்பு அதிகம். இமயமலையின் 'சூடெகெனீஸ்' கெளுத்திக்கும் மார்பில் மடிப்பு உண்டு, ஆனால் குறுக்குவாட்டில். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் 'ஆஸ்ட்ரோபிளெபஸ்' என்ற கெளுத்தி, வாயால் உறிஞ்சிப் பிடித்தபடி பாறைச் சுவரிலேயே ஏறிவிடும். 1805இல் அதற்குப் பெயர் வைத்தவர் புகழ்பெற்ற பயணி ஹம்போல்ட். ஆப்பிரிக்க ஆறுகளிலும் உறிஞ்சு வாயோடு 'கைலோகிளானிஸ்' இருக்கிறது. ஒரே பிரச்சினைக்குத் தனித்தனியாகக் கண்டுபிடித்த தீர்வுகள் இவை. ஆகவே, பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் சொந்தம் என்று சொல்லிவிட முடியாது.

இந்த மூன்றாவது காரணம் ஹோராவின் புகழ்பெற்ற கருதுகோளையே கேள்விக்கு உள்ளாக்கியது. வடகிழக்கு இந்தியாவிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஒரே மாதிரி மீன்கள் இருப்பதைப் பார்த்து, அவை ஒரு காலத்தில் விந்திய, சாத்புரா மலைகளைப் பாலமாக வைத்துத் தெற்கே வந்திருக்க வேண்டும் என்றார் அவர். 'சாத்புரா கருதுகோள்' என்று பெயர். தோற்ற ஒற்றுமையை மட்டும் வைத்து அதை நிரூபிக்க முடியாது. உறவை மரபணுவில் தேட வேண்டும் என்பதுதான் இன்றைய அணுகுமுறை.

டிஎன்ஏ வந்தாச்சே, பிறகென்ன?

2003இல் 'டிஎன்ஏ பார்கோடு' முறை முன்வைக்கப்பட்டது. உடம்பின் சின்னத் துணுக்கிலிருந்து சுமார் 650 எழுத்துகள் கொண்ட ஒரு மரபணுப் பகுதியைப் படித்து, இனத்தை அடையாளம் காண்பது. கடையில் பொருளை ஸ்கேன் செய்வது போல.

ஆனால் ஸ்கேன் செய்யும் கணினியில் விலைப்பட்டியல் தவறாக இருந்தால்? பில்லும் தவறாகத்தானே வரும்! தப்பான பெயரோடு ஒரு மீனின் வரிசை பொதுத் தரவுத்தளத்தில் ஏறிவிட்டால், அடுத்து வருபவர்களும் அதே தப்பைத் தொடர்வார்கள்.

அதனால்தான் ஆய்வாளர்கள் முதல் மீன் பிடிக்கப்பட்ட அதே இடத்துக்குத் திரும்பப் போகிறார்கள். பவானி அடிவாரத்தில் டே பிடித்த இடத்துக்கு அருகே மீண்டும் மீன் பிடித்து, அளந்து, மரபணுவைப் படித்தால்தான் 'இதுதான் மதராஸ்பட்டானஸ்' என்று உறுதியாகச் சொல்ல முடியும். அந்த இடமே அணைக்கு அடியிலோ சாக்கடையிலோ மூழ்கிவிட்டால், அந்தப் பெயருக்கு உரிய மீன் எது என்பதைச் சரிபார்ப்பது மிகவும் கடினமாகிவிடும்.

பெயர் தப்பானால் என்ன ஆகிவிடும்?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். நான்கு ஓடைகளில் ஒட்டுக் கெளுத்தி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே இனம் என்று எழுதினால், 'பரவலாக இருக்கிறது, பிரச்சினை இல்லை' என்று கோப்பை மூடிவிடலாம். ஓர் ஓடையில் கட்டுமானம் வந்தாலும் 'மற்ற மூன்றில் இருக்கிறதே' என்பார்கள். ஆனால் நான்கும் நான்கு தனி இனங்கள் என்றால்? அந்த ஓர் ஓடை போனால் ஓர் இனமே உலகத்திலிருந்து போய்விடும்.

இது வெறும் கற்பனை விவாதம் இல்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கி.மீ. அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. ஒரு பக்கத்து ஓடைகள் கிழக்கே காவிரிக்கும், இன்னொரு பக்கத்து ஓடைகள் மேற்கே அரபிக் கடலுக்கும் போகின்றன. பாறையில் ஒட்டி வாழும் ஒரு மீனால் சமவெளியின் சூடான, மெதுவான ஆற்றைக் கடந்து அடுத்த மலைக்குப் போக முடியாது. ஒவ்வொரு மலையும் அதற்கு ஒரு தீவு. தீவுகளில் தனி இனங்கள் உருவாவது இயல்பு.

மறுபக்கமும் உண்டு. சின்ன வித்தியாசத்தைப் பார்த்ததும் அவசரமாகப் புதுப் பெயர் வைத்துக்கொண்டே போனால், உண்மையில் ஆபத்தில் இருக்கும் இனத்துக்குப் போக வேண்டிய கவனமும் பணமும் சிதறிப்போகும். ஆகவே, சேர்ப்பதிலும் நிதானம் வேண்டும். பிரிப்பதிலும் நிதானம் வேண்டும்.

மதராஸ்பட்டானஸ், ஹவுசி இரண்டையும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயூசிஎன் 'அழியும் ஆபத்தில் உள்ளவை' பட்டியலில் வைத்திருக்கிறது. 2011இல் வெளியான அதன் மேற்குத் தொடர்ச்சி மலை அறிக்கை, இங்கே 290 நன்னீர் மீன் இனங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அச்சுறுத்தலில் இருப்பவை.

யார் இவற்றை விரட்டுவது?

* அணைகள்: பவானியில் பில்லூர், பவானிசாகர், ஆனைமலைப் பக்கம் ஆழியாறு, சோலையாறு. அணை எழுந்தால் ஓடுகிற ஓடை தேங்குகிற ஏரியாகிவிடும். ஓட்டத்துக்கென்றே உருவான மீனுக்கு அங்கே இடமில்லை. அணைக்குக் கீழேயும் மின் உற்பத்திக்காகத் தண்ணீரைத் திடீரென்று திறந்து திடீரென்று மூடினால் கரையோரக் கற்கள் நனைந்து காய்ந்துகொண்டே இருக்கும்.
* மண் அரிப்பு: சரிவில் சாலை போட்டாலோ காட்டை அழித்தாலோ மழையில் மண் ஓடைக்கு வரும். கல்லுக்குக் கல் இருக்கும் இடைவெளி அடைபடும். மீனின் வீடும் பூச்சியின் வீடும் ஒரே நாளில் பூட்டப்பட்ட மாதிரி.
* ரசாயனம்: தோட்டங்களில் அடிக்கும் பூச்சிக்கொல்லி மழையோடு ஓடைக்கு வந்தால், முதலில் சாவது மீனின் சாப்பாடான பூச்சிகள். வெடி வைத்தும் பிளீச்சிங் பவுடர் போட்டும் மீன் பிடிப்பது இன்னும் கொடுமை. பெரிய மீனுக்காகப் போடும் விஷம் சின்ன மீனையும் குஞ்சையும் சேர்த்தே கொல்லும்.
* வெளிநாட்டு மீன்கள்: நீலகிரியில் டிரவுட் மீனை விட வேண்டும் என்று 1860களில் முயன்றவர்களில் நம் பிரான்சிஸ் டேயும் ஒருவர். அது கைகூடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகே டிரவுட் அங்கே நிலைத்தது. பூச்சியையும் சின்ன மீனையும் தின்னும் மீன் அது. சமவெளியில் ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னொரு தலைவலி. இந்தியாவில் அதை வளர்க்கத் தடை உண்டு. ஆனாலும் பல ஆறுகளில் அது பரவிவிட்டது.

நாம என்ன செய்யலாம்?

வார இறுதியில் மலைக்குப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். ஓடையில் இறங்கினால் சோப்பு, ஷாம்பு வேண்டாம். குளிப்பதற்கு வசதியாகக் கற்களை நகர்த்தி அணை கட்டுவது, போட்டோவுக்காகக் கல்லை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது இரண்டும் நமக்கு விளையாட்டு. அடியில் இருக்கும் மீனுக்குக் கூரை பறிபோகிறது. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், காட்டு ஓடையில் பிடித்த மீனை வாங்க வேண்டாம். தொட்டி மீனை ஆற்றில் விடவும் வேண்டாம்.

இன்னொன்றும் செய்யலாம். கேரளத்தில் கிணறுகளிலும் நிலத்தடி நீரிலும் வாழும், கண்ணே இல்லாத ஒரு குட்டிக் கெளுத்தி இருக்கிறது. 1950இல் கோட்டயம் கிணறுகளிலிருந்து முதலில் விவரிக்கப்பட்ட அதற்கு, ஹோராவைச் சிறப்பிக்கும் வகையில் 'ஹோராகிளானிஸ்' என்று பெயர். நிலத்துக்கு அடியில் வாழும் மீனை ஆய்வாளர் எத்தனை பேர் போய்த் தேட முடியும்? அதனால் ஊர் மக்களிடம் சொல்லிவைத்தார்கள். கிணற்றைத் தூர்வாரும்போதும், குழாயைத் திறக்கும்போதும் மீன் வந்தால் தகவல் கொடுங்கள் என்று. மக்கள் கொடுத்த தகவலாலும் மாதிரிகளாலும் 2023இல் ஒரு புது இனமே அடையாளம் காணப்பட்டது. அதற்கு வைத்த பெயர் 'ஹோராகிளானிஸ் பாப்புலி'. லத்தீனில் 'மக்களுடைய' என்று பொருள்.

ஓடையில் ஒரு வித்தியாசமான மீன் தட்டுப்பட்டால், அதைப் பிடித்துவைக்க வேண்டியதில்லை. கையிலிருக்கும் போனில் ஒரு படம், எடுத்த இடம், தேதி. உயிரினப் பதிவுக்கான செயலிகளில் ஏற்றினால் போதும். பவானியின் எந்தக் கிளை ஓடையில் எந்த ஒட்டுக் கெளுத்தி இருக்கிறது என்ற வரைபடத்தில் அது ஒரு புள்ளியாகும். அந்த ஓடையின் மேல் நாளைக்கு ஒரு திட்டம் வரும்போது, 'இங்கே ஒரு மீன் இருக்கிறது' என்று காட்ட அந்தப் புள்ளியாவது இருக்கும்.